கடாரம் கொண்டானுக்கு ஒரு 'தி'

(மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் கோயில் மண்டபத்தில், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

பீடோங்கில் எங்கே நின்றாலும் குனோங் ஜெராய் மலை கண்ணில் படும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்தை, அதாவது இன்றைய கெடாவை, நம் முன்னோர் கடாரம் என்றார்கள். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை இங்கே வந்தது. அதனால் அவனுக்குக் 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் நிலைத்தது. இதைப் பற்றி ஒரு மாணவி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். அதில் 'ராஜேந்திரா காங்கரர் ஆஃப் கெடா' என்று இருந்தது. நடுவில் 'தி' (the) வேண்டும் என்றேன். "பேருக்குப் பக்கத்தில் தி வராதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டாள். உண்மைதான், பல வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பாதி சரியான விதி அது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தமிழில் பட்டம் பெயருக்கு முன்னால் வரும்: கடாரம் கொண்ட சோழன், கங்கை கொண்ட சோழன். ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பட்டம் பெயருக்குப் பின்னால் போய் நிற்கும்: அலெக்சாண்டர் தி கிரேட், இவான் தி டெரிபிள், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் தி காங்கரர். 'தி'யை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'அலெக்சாண்டர் கிரேட்' என்றால் கிரேட் என்பது அவருடைய அப்பா பெயர் மாதிரி ஆகிவிடும். அலெக்சாண்டர்கள் பல பேர் உண்டு; அவர்களில் எல்லாரும் அறிந்த அந்தப் பெரியவர் என்று சுட்டுவது 'தி'தான்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மலாயில் 'கெச்சில்' என்றால் சிறிய. 'சி கெச்சில்' என்றால் அந்தச் சின்னப்பயல். ஒரு பண்பை ஆளாக்கிவிடுகிறது அந்த 'சி'. பட்டத்தில் வரும் 'தி' செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை.

இப்போது ரப்பர்த் தோட்டத்துக்கு வருவோம். அங்கே வேலையாட்களை மேற்பார்க்கிறவர் மண்டோர். 'மண்டோர் முனியாண்டி' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் 'தி' வேண்டாம், ஏனென்றால் மண்டோர் என்ற வேலை அவர் பெயரோடு ஒட்டிப் பெயராகவே ஆகிவிட்டது. டாக்டர், கேப்டன், கிங் எல்லாம் இப்படித்தான். அதையே திருப்பிப் போட்டால் 'முனியாண்டி தி மண்டோர்'. பெயரே இல்லாமல் சொன்னால் 'தி மண்டோர்'. அப்புறம், 'முனியாண்டி, எ மண்டோர்' என்றும் எழுதலாம், ஆனால் பொருள் மாறிவிடும்: பல மண்டோர்களில் ஒருவர், படிக்கிறவருக்கு அவரைத் தெரியாது.

பெயருக்கு முன்னால் 'புவர்', 'டியர்', 'ஓல்ட்' என்று மனசு கலந்த சொல் வந்தால் 'தி' பெரும்பாலும் தேவையில்லை: 'புவர் முனியாண்டி'. ஆனால் 'லேட்' என்ற சொல் மட்டும் தனி. மறைந்தவரைச் சொல்லும்போது 'தி லேட் முனியாண்டி' என்றே எழுத வேண்டும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் வெறும் 'லேட்' என்று அச்சடிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இறந்துபோன தாத்தாவுக்குச் செய்யும் மரியாதையில் ஒரு சின்னச் சொல் குறையலாமா?

ஊர்ப் பெயர்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். பீடோங், மலேசியா, குனோங் ஜெராய் எதற்கும் 'தி' கிடையாது. ஆற்றுக்கு உண்டு: 'தி மூடா ரிவர்'. ஆனால் சுங்கை பட்டாணி ஆற்றின் பெயரைத் தாங்கினாலும் ஊர்தான், அதற்கு 'தி' போடாதீர்கள். ஆங்கிலத்தில் பன்மையாக ஒலிக்கும் பிலிப்பைன்ஸ், நெதர்லாந்துக்கு (நெதர்லாண்ட்ஸ்) உண்டு. உக்ரைனை ஒரு காலத்தில் 'தி உக்ரைன்' என்றார்கள். 1991இல் தனிநாடான பிறகு அந்த 'தி'யை விட்டுவிடச் சொன்னார்கள். தங்கள் நாட்டை ஏதோ ஒரு வட்டாரம் போல அது காட்டுகிறது என்பது அவர்கள் வருத்தம். ஒரு சின்னச் சொல்லுக்காக ஒரு நாடே பேசியிருக்கிறது பாருங்கள்.

என் அம்மா ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், பிள்ளை பார்த்தவர். பால்வெட்டுக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் மடியில் வளர்ந்தார்கள். கோலாலம்பூரில் இருப்பவருக்கு நான் எழுதினால் முதல் வரியில் அம்மா 'ஆன் ஆயா' (an ayah), யாரோ ஒரு ஆயா. அடுத்த வரியிலிருந்து 'தி ஆயா', ஏனென்றால் படிக்கிறவருக்கு அவரை அறிமுகப்படுத்தியாயிற்று. ஆனால் அந்தத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு எழுதினால் முதல் வரியிலேயே 'தி ஆயா'தான். வேறு யார் என்று அவர் கேட்கவே மாட்டார்.

சரி, அந்த மாணவி இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வாம்மா, வந்து பலகையில் ராஜேந்திரன் பெயரை எழுது. அதுக்குக் கீழே உன் பாட்டி பெயரையும், தோட்டத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதையும் எழுது.