புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழங்காசு சேர்ப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு பேசுகிறேன்: ராஜராஜ சோழனின் செப்புக்காசு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பெரிய செலவில்லாமல் கைக்கு வரும் சோழர் காசு இது. எடை ஏறக்குறைய 4 கிராம். ஒரு பக்கம் அரசன் நிற்கிறான், கையில் மலர். மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறான், கையில் சங்கு. கைகால் எல்லாம் வெறும் கோடுகள்தான். முதல் பார்வைக்கு ஆள் உருவம் என்றே தோன்றாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி காசைச் சாய்த்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவனின் கைக்கு அருகே மூன்று வரி நாகரி எழுத்து (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து) எழும்பி வரும்: ஸ்ரீ, ராஜ, ராஜ. முதன்முதலாக அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரிய கோயில் சுவர்களில் அத்தனை தமிழ்க் கல்வெட்டுகளை வெட்டுவித்த அரசன், காசில் ஏன் நாகரியில் பெயர் பொறித்தான்? இந்தக் கேள்விதான் என்னை இலங்கைக் காசுகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகுவின் காசிலும், அரசி லீலாவதியின் காசிலும் இதே நிற்கும் உருவம், இதே உட்கார்ந்த உருவம், நாகரியில் பெயர். ராஜராஜனுக்கு முந்தைய இலங்கைப் பொற்காசுகளிலும் இந்த அமைப்பு உண்டு. அதனால், சோழர்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ராஜராஜனுக்கு முன் ஆண்ட சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளிலேயே ‘ஈழக்காசு’ என்ற சொல் வருகிறதே! கடலின் இரு கரையிலும் செல்லுபடியாக வேண்டிய காசுக்கு, இரு கரைக்கும் பழகிய தோற்றம் தேவைப்பட்டிருக்கும். இது என் ஊகம்.

சரி, இனி ஒரு வேண்டுகோள். கிடைத்த காசைப் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். என் பாட்டி கொடுத்த காசைக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, எழுத்து போய்விட்டது. செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தக் கெட்டியான படலத்தில்தான் பல நேரம் எழுத்தே தங்கியிருக்கிறது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் போதும். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்ந்தால் மட்டும் கவனம் வேண்டும். அது காசை அரிக்கும் நோய். அதைத் தனியே, ஈரம் படாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், எங்கே கிடைத்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களுக்குச் சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்தன. ‘கரூர், ஆற்று மணல்’ என்ற இரண்டு சொல் துணைக்கு இருப்பதால்தான் அவை வரலாறு பேசுகின்றன. நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். 1878 முதலே அதற்குச் சட்டம் இருக்கிறது.

பாட்டியின் காசை இன்னும் வைத்திருக்கிறேன். வயலில் கிடைத்தது என்று சொன்னார். எந்த வயல் என்று அன்று நான் கேட்கவில்லை. அதன் உறைமேல் ‘இடம்’ என்று எழுதிய வரி காலியாகவே இருக்கிறது.