டவுனுக்கு ஒரு கூரை வேண்டும்!

வணக்கம் மக்கள்! நேற்று மட்டக்களப்பு டவுனில் உடுப்பு எடுக்கப் போனேன், மழை பிடித்துக்கொண்டது. முதல் கடையில் குடை 1,900 ரூபா! கம்பி தொட்டாலே வளைகிறது. அடுத்த கடையில் 1,650. அந்த அண்ணன் "இதுக்குக் கீழ ஒரு சதமும் ஏலாது தங்கச்சி" என்றார். விடுவேனா? பேசிப் பேசி 1,400க்கு எடுத்துவிட்டேன்! கறுப்பு நிறம். உறையும் தந்தார், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

ஆனால் பக்கத்துக் கடைக்குப் போக எதற்குக் குடை? பரிஸில் 1800ஆம் ஆண்டளவிலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். அப்போது அங்கே தெருவெல்லாம் சேறு, நடைபாதை அபூர்வம், குதிரை வண்டிகள் வேறு. இரண்டு தெருக்களுக்கு நடுவே வழி விட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, இருபக்கமும் கடை வைத்தார்கள். பனோராமா என்ற அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. பிறகு வேறு ஊர்களிலும் இதே மாதிரிக் கூரைக் கடைத்தெருக்கள் வந்தன: 1819இல் இலண்டனில் பேர்லிங்டன் ஆர்கேட், 1867இல் இத்தாலியின் மிலானில் பெரிய கலேரியா. ஆ, பரிஸில் காஸ் விளக்கு முதன்முதலில் எரிந்த இடங்களில் பனோராமாவும் ஒன்று. இருட்டிய பிறகும் சனம் உலாவியிருக்கிறது.

எனக்கு மால் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். உள்ளே போனால் ஊரே மறந்துபோகும். கூரைக் கடைத்தெரு அப்படியில்லை, இந்தத் தெருவால் நுழைந்து அந்தத் தெருவால் வரலாம். ஒன்றும் வாங்காதவரும் குறுக்கு வழியாக நடப்பார், தெரிந்தவரைக் கண்டால் நின்று கதைப்பார். ஜப்பானின் ஒசாகாவில் தென்ஜின்பாஷிசுஜி என்ற கூரைக் கடைத்தெரு ஏறத்தாழ 2.6 கிலோமீற்றர்! மரக்கறி, உடுப்பு, சாப்பாடு எல்லாம் அங்கேயே.

நமக்கு மாரியில் மழை, கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் உச்சி வெயில். கண்ணாடி மட்டும் வேண்டாம், அவிந்துபோவோம். உயரமான கூரை, காற்று வரப் பக்கம் திறந்திருந்தால் போதும். அதுவரை கடைக்கார அண்ணாமாரே, முன் விறாந்தையில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகளைக் கொஞ்சம் உள்ளே எடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மா ஒதுங்க இடம் வேண்டும். அடுத்து கல்முனை பஸாருக்குப் போகிறேன், எந்தக் கடை வரிசையில் நிழல் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள்.