புவியியல்: கலைமாணியா, விஞ்ஞானமாணியா?

சங்கானையிலிருந்து, கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிய ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எனக்குப் புவியியல்தான் விருப்பம். இங்கே படித்தால் கலைமாணிப் (பி.ஏ.) பட்டம்தான் கிடைக்கும், அதற்கு ஆசிரியர் வேலையைத் தவிர வேறு இல்லை என்று அப்பா சொல்கிறார். லண்டனிலுள்ள சித்தப்பா, அங்கே புவியியலை விஞ்ஞானமாணியாகவும் (பி.எஸ்சி.) படிக்கலாம், அதற்குத்தான் மதிப்பு என்கிறார். நான் எதைத் தெரிவு செய்வது?"

முதலில் இங்குள்ள நிலையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியற்றுறை கலைப்பீடத்தில் இருக்கிறது. பேராதனையிலும் கொழும்பிலும் அப்படித்தான். பேராதனை விஞ்ஞானபீடத்தில் கற்பிக்கப்படும் புவிச்சரிதவியல் பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் வேறொரு துறை. பெயர் ஒத்திருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. விஞ்ஞானபீடத்துக்குச் செல்ல உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பாடங்கள் வேண்டும் என்பதால், நாட்டுக்குள் படிக்கும்வரை இந்தத் தெரிவு உங்கள் முன் இல்லை.

பிரித்தானியாவில் பல பல்கலைக்கழகங்கள் இரண்டு பட்டங்களையும் தருகின்றன என்பது உண்மை. ஆனால் பெயரை வைத்து மதிப்பை அளக்க முடியாது. ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் புவியியலுக்கு இளங்கலை மட்டத்தில் கலைமாணியையே வழங்குகின்றன. துருவப் பனியை ஆராயும் புகழ்பெற்ற நிறுவனம் கேம்பிரிட்ஜின் புவியியற்றுறைக்குள்ளேயே இயங்குகிறது. இரண்டு பட்டங்களும் உள்ள இடங்களிலும் முதலாம் ஆண்டின் பெரும்பகுதி பெரும்பாலும் பொதுவானதாக இருக்கும். பின்னர் கலைமாணி, மக்களின் வாழ்வை ஆராயும் மானிடப் புவியியலையும், விஞ்ஞானமாணி, நிலம், நீர், காலநிலையை ஆராயும் பௌதிகப் புவியியலையும் நோக்கிச் செல்லும். இறுதி ஆய்வுக்கட்டுரையும் அதற்கேற்ப அமையும்.

இந்த வேறுபாட்டை நம் ஊர்க் கிணறு ஒன்றை வைத்து விளக்குகிறேன். வற்றாத ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில், ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்தின் நைத்திரேற்று அதே வழியால் கிணற்றை அடைகிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த அளவு எந்த மாதத்தில் கூடுகிறது, எவ்வளவு இறைத்தால் உவர்நீர் மேலேறும் என்று மாதிரி எடுத்துக் கணக்கிடுபவர் விஞ்ஞானப் பக்கத்தில் நிற்கிறார். துலாவால் இறைத்த தோட்டத்துக்கு இயந்திரம் வந்தபோது பயிர்முறை எப்படி மாறியது, இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் திரும்பிய குடும்பத்துக்குக் கிணற்றுப் பங்கு கிடைத்ததா, தண்ணீர் விலைக்கு வாங்குபவர் யார் என்று கேட்பவர் கலைப் பக்கத்தில் நிற்கிறார். முன்னவரின் எண்கள் இல்லாமல் பின்னவரின் ஆய்வு முழுமை பெறாது. பின்னவரின் கேள்விகள் இல்லாமல் முன்னவர் சொல்லும் தீர்வைத் தோட்டக்காரர் ஏற்கவும் மாட்டார். எந்தக் கேள்விக்காக நீங்கள் வெயிலில் வீடு வீடாகவோ வயல் வயலாகவோ நடக்கத் தயாராக இருக்கிறீர்களோ, அதுவே உங்கள் பக்கம் என்று நான் நம்புகிறேன்.

அப்பாவின் கவலையும் நியாயமானது. ஆசிரியத் தொழிலை நான் குறைவாகவும் நினைக்கவில்லை. இருந்தாலும் வேறு வேலைகளை நாடும் கலைமாணிக்குப் பெரும்பாலும் இடைஞ்சலாவது பட்டத்தின் பெயரைவிட, புள்ளிவிபரவியலும் வரைபட மென்பொருளும் கைவராமையே. இடம் சார்ந்த தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமையையும், செய்மதிப் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வையும் விருப்பப் பாடங்களாகத் தரும்போது கடினம் என்று விலக வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செய்மதிப் படங்கள் 1972 முதல் எடுக்கப்பட்டவை, 2008 முதல் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். தொண்டைமானாற்று நீரேரியின் கரை எப்படி மாறியிருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம்.

ஒரு விடயத்தில் சித்தப்பா சொல்வதில் உண்மையுண்டு. நீரியல், காலநிலை போன்ற துறைகளில் சில முதுமாணிக் கற்கைகளும் சில வேலை விளம்பரங்களும் விஞ்ஞானப் பட்டத்தையே கேட்கின்றன. அந்த வழிதான் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் விஞ்ஞானமாணி பொருத்தமானது. ஆனால் உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ இல்லாதவரை எல்லா இடங்களிலும் ஏற்பார்கள் என்றில்லை, வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் மிக அதிகம். ஆகவே சித்தப்பாவிடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதித் தகைமையையும், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணக் கலைப்பீடத்தின் பட்டியலை அருகில் வைத்து, அப்பாவுடன் இருந்து வரி வரியாக வாசியுங்கள்.