பை நிறையட்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கணினி ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில் பைக்கு வரம்பு வைப்பது சுவையைக் கூட்டுகிறதா, குலைக்கிறதா?' என்பது தலைப்பு. ஆர்.பி.ஜி. என்றால் ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடுவது; பை என்பது அந்தப் பாத்திரம் கிடைத்த பொருளையெல்லாம் சுமக்கும் இடம். கூட்டுகிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "நான் டிராகனைக் கொல்ல வந்தேனா, மூட்டை தூக்க வந்தேனா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக விழுந்தது, நானும் தட்டினேன். ஆனால் தோழி, கொன்ற டிராகனின் எலும்பை ஏன் ஒன்றுவிடாமல் பொறுக்கினீர்கள்? ஸ்கைரிம் விளையாட்டில் தொடக்கத்தில் 300 எடைதான் சுமக்கலாம். ஓர் எலும்பு 15. இருபது எலும்பு எடுத்தால் உடுப்புக்குக்கூட இடமில்லை. அதற்குமேல் ஓடவும் முடியாது, நினைத்த ஊருக்குத் தாவவும் முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எங்கள் அணித் தலைவர் முறைத்தாலும் சரி. கண்ணில் பட்ட கிண்ணத்தையெல்லாம் எடுக்கவிட்டு, அப்புறம் கடைவரை ஆமைபோல நடக்கவைப்பது எரிச்சல்தான். அந்தக் குறை வரம்பினால் வந்ததா, அலைச்சலினால் வந்ததா? 2009இல் வந்த டார்ச்லைட் விளையாட்டைப் பாருங்கள். பை நிறைந்ததும் வேண்டாததைச் செல்லப்பிராணியின் முதுகில் ஏற்றி ஊருக்கு அனுப்பலாம். விற்றுக் காசோடு திரும்பும். அதுவரை குகைக்குள் நீங்கள் துணையில்லாமல் சண்டை போடவேண்டும், அவ்வளவுதான். வரம்பு அப்படியே இருக்கிறது, நடைதான் போயிற்று.

இப்போது டயப்லோ 2. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்வென்டரி என்கிற பை அகலத்தில் 10 கட்டம், உயரத்தில் 4, ஆக 40. அதன் 2001ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் சார்ம் என்ற தாயத்துகள் வந்தன. அணியவே வேண்டாம், பையில் கிடந்தாலே பலன். சின்னதுக்கு ஒரு கட்டம், ஆகப் பெரியதுக்கு மூன்று. பையைத் தாயத்தால் அடைத்தால் அடி பலமாக விழும். ஆனால் எதிரி செத்து ஆறு கட்டக் கவசம் ஒன்று கீழே விழுந்தால் எங்கே வைப்பது? ஹொராட்ரிக் பெட்டி கைகொடுக்கும்: நான்கு கட்டத்தை அடைத்துக்கொண்டு உள்ளே பன்னிரண்டு தரும். ஆனால் தாயத்தை அதற்குள் போட்டால் அதன் பலன் நின்றுவிடும்! எந்தத் தாயத்தை எடுத்து எறிவது என்று பையைத் திறந்துவைத்து நான் யோசித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அடி விழுந்து செத்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை. அந்த 40 கட்டத்தை 4000 ஆக்குங்கள். எல்லாவற்றையும் அள்ளுவோம், எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டோம்.

நெட்ஹேக் இன்னும் குறும்பு. சுமையைக் குறைக்கும் மாயப்பை அங்கே உண்டு. ஆசை ஆசையாய் எல்லாவற்றையும் அதில் திணிப்போம். இன்னதென்று தெரியாத மந்திரக்கோல் ஒன்றையும் சேர்த்துப் போட்டு, அது மாயத்தை அழிக்கும் கேன்சலேஷன் கோலாக இருந்துவிட்டால் பை வெடிக்கும். உள்ளே இருந்ததும் காலி. இருக்கும் இடத்தை விரிக்கப் பார்த்தவனுக்கு அந்தப் பயம் வேண்டாமா?

'வரம்பு யாருக்கும் பிடிக்காது' என்றும் தோழி சொன்னார். ஃபால்அவுட் நியூ வேகாஸில் ஹார்ட்கோர் என்ற கடினமான ஆட்டமுறை இருக்கிறது. அதில் தோட்டாவுக்கும் எடை உண்டு; பசி, தாகம், தூக்கம் வேறு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் தாமாகவே அதைத் தேர்ந்தெடுத்து, துப்பாக்கியா தோட்டாவா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, வரம்பே இல்லாத பை நிம்மதி தரும் என்றீர்கள். சரி. 'பின்னால் உதவும்' என்று மருந்துக் குப்பியை எடுத்து வைப்போம். அடுத்ததையும் வைப்போம். இறுதி எதிரி வந்தபோதும், இதைவிடப் பெரியவன் வருவானோ என்று திறக்காமலே அடிவாங்குவோம். ஆட்டம் முடிந்து, செய்தவர்கள் பெயர் திரையில் ஓடும்போது பையில் எத்தனை குப்பி மிச்சம் இருந்தது, தோழி?

நடுவர் மணி அடித்துவிட்டார். தோழி குப்பிகளை எண்ணிக்கொண்டிருக்கட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.