அங்கி கிடைக்காதவர்களுக்கும் ஓர் இடம்

நம் கல்லூரி வரலாற்றை உடைகளையும் சடங்குகளையும் வைத்தே ஒரு கண்காட்சியில் சொல்லப்போகிறோம் என்று நீங்கள் வந்து கூப்பிட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பட்டமளிப்பு அங்கி, என்.சி.சி. சீருடை, விளையாட்டு அணியின் பிளேசர் என்று நிறைய சேர்த்துவிட்டீர்கள். ஆனால் உடையை மாட்டி, கீழே வருடத்தை மட்டும் எழுதினால் பார்க்க ஜவுளிக்கடை மாதிரிதான் இருக்கும். அதை யார் போட முடிந்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதணும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கல்லூரிக்குக் கல்லூரி மாணவர் அங்கி மாறும். பெரும்பாலும் கறுப்பு, டிரினிட்டியில் கருநீலம். ஒரு காலத்தில் இருட்டிய பிறகு அங்கி இல்லாமல் தெருவில் போகும் மாணவனைப் பிடித்து அபராதம் போட பிராக்டர்கள், அதாவது ஒழுங்கைக் கவனிக்கும் பல்கலைக்கழக அதிகாரிகள், சுற்றுவார்கள். அதே ஊரில் 1869-ல் கர்ட்டன், 1871-ல் நியூன்ஹம் என்று பெண்களுக்கான கல்லூரிகள் தொடங்கின. அங்கே படித்த பெண்கள் ஆண்கள் எழுதிய அதே தேர்வை எழுதினார்கள், ஆனால் பட்டமும் கிடையாது, அங்கியும் கிடையாது. 1890-ல் பிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் முதலிடம் வந்த ஆணையே முந்தினார். அவருக்கும் இல்லை. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்த அன்று, சைக்கிளில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். ஆதரவைவிட எதிர்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். கடைசியில் வழி திறந்தது 1948-ல். அந்த அக்டோபரில்தான் ஒரு பெண்ணுக்கு முதல் கேம்பிரிட்ஜ் பட்டம், அதுவும் அப்போதைய மன்னர் ஆறாம் ஜார்ஜின் மனைவியான அரசிக்குக் கௌரவப் பட்டமாக. ஃபாசெட் ஜூனிலேயே காலமாகிவிட்டார்.

நம் ராமானுஜன் அங்கியோடு நிற்கும் புகைப்படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரித் தேர்வு) தேறாத அவருக்கு கேம்பிரிட்ஜ் 1916-ல் பட்டம் கொடுத்தது, அது பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்தப் படத்தை நான் ஒரு கண்காட்சியில் வைத்தால் பக்கத்தில் ஃபாசெட்டின் படத்தையும் கட்டாயம் வைப்பேன்.

சரி, உங்கள் கண்காட்சிக்கு வருவோம். மாணவிகள் புடவைதான் கட்ட வேண்டும் என்ற விதி இங்கே எந்த வருடம் வரை இருந்தது, சுடிதாருக்கு அனுமதி யார் கேட்டு வந்தது? பட்டமளிப்பு நாளில் அங்கி வாடகைக்குக் காசில்லாமல் வராமலே இருந்துவிட்டவர்கள் யார்? அப்புறம், லேப் அட்டெண்டரின் காக்கிச் சட்டை எங்கே? ஓய்வுபெற்றவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். பழைய சுற்றறிக்கைக் கோப்புகளை அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், கோடை விடுமுறையில் அறையைச் சுத்தம் செய்யும்போது முதலில் எடைக்குப் போவது அவைதான்.