ரெண்டு புள்ளியும் பேப்பர விட்டு வெளிய போகட்டும்

வணக்கம் மக்களே. இன்னைக்குத் தரையில உக்காந்துட்டேன், மேஜை பத்தாது. ஏன்னு கொஞ்ச நேரத்துல உங்களுக்கே புரியும். மேல் வீட்ல மிக்சி ஓடுது, அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு விஷயம், டூ பாயிண்ட் பெர்ஸ்பெக்டிவ்ல, அதாவது ரெண்டு புள்ளிய வச்சு ஆழம் தெரியற மாதிரி, பொருள் வரையறது. அரசாங்க டிராயிங் டெக்னிக்கல் எக்ஸாம் லோயர், ஹையர் எழுதுறவங்க, ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு நாட்டாவுக்குத் தயாராகுறவங்க, சும்மா ஆசைக்கு ஸ்கெட்ச் புக் வாங்கி வச்சிருக்கவங்க, எல்லாரும் ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. விதிப்படிதான் போட்டேன், எல்லாக் கோடும் புள்ளிக்குத்தான் போகுது, ஆனா பெட்டி பெட்டியா தெரியலயே, கப்பலோட முன்மூக்கு மாதிரி நம்மள குத்த வருதேங்கறாங்க.

விதி என்னன்னு வேகமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தள்ளி விட்டுக்கோங்க. உங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல படுக்கையா ஒரு கோடு, அதான் ஹொரைசன் லைன், கண்மட்டம். அந்தக் கோட்டுல இடது பக்கம் ஒரு வேனிஷிங் பாயிண்ட், அதாவது தள்ளிப் போற கோடெல்லாம் போய்ச் சேர்ற புள்ளி, வலது பக்கம் ஒண்ணு. பெட்டியோட மூலை உங்களப் பாத்து நிக்குது, அது ஒரு நெட்டுக்கோடு. இடது முகத்தோட படுக்கைக் கோடெல்லாம் இடது புள்ளிக்குப் போகும், வலது முகத்தோடது வலது புள்ளிக்கு. நெட்டுக்கோடெல்லாம் நெட்டாவே நிக்கும். அவ்வளவுதான்.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். ஏ4 பேப்பர குறுக்கா வச்சு நடுவுல ஒரு கோடு போட்டு, இந்த ஓரத்துல ஒரு புள்ளி, அந்த ஓரத்துல ஒரு புள்ளி. முக்கால்வாசி வீடியோவுல இப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க. ஸ்க்ரீனுக்குள்ள எல்லாமே தெரியணும்ல, அதுக்கு இது வசதி. ஆனா அந்தப் புள்ளிய நீங்க அங்க வைக்கும்போது பாக்குறவங்களோட கண்ணு எங்க இருக்கணும்னும் சேத்து முடிவு பண்ணிடறீங்க. அத யாரும் சொல்றதில்ல.

கேமராவ தூக்கிக் காட்டறேன், பாருங்க. தரையில குறுக்கால ஒரு நூல் கட்டி ரெண்டு பக்கமும் டேப் ஒட்டியிருக்கேன். இது கண்மட்டம். நூலோட நடுவுலருந்து கீழ 30 சென்டிமீட்டர் அளந்து ஒரு பொட்டு வச்சிருக்கேன், இதான் கண்ணு. மேலருந்து பாக்கற பிளான்னு நெனச்சுக்கோங்க. நாம படத்த ஏறக்குறைய அந்த அளவு தள்ளி வச்சுத்தான் பாக்கறோம், அதனால 30. இப்ப ஒரு முழு சார்ட் பேப்பர் எடுத்து அதோட மூலைய சரியா அந்தப் பொட்டு மேல வைக்கிறேன். சார்ட்டோட மூலை செங்கோணம், பெட்டியோட மூலையும் செங்கோணம். சார்ட்டோட ரெண்டு விளிம்பும் நூல எங்க வெட்டுதோ அங்கதான் உங்க ரெண்டு புள்ளி.

பெட்டி ரெண்டு பக்கமும் சமமா திரும்பியிருக்கு, 45 டிகிரின்னு வைங்க. இடது பக்கம் 30 சென்டிமீட்டர், வலது பக்கம் 30. ரெண்டுக்கும் நடுவுல 60. ஏ4 பேப்பரோட நீளமே 29.7தான். ரெண்டு புள்ளியுமே பேப்பருக்கு வெளிய!

அப்ப பேப்பரோட ஓரத்துலயே வச்சா என்ன அர்த்தம்? கணக்கத் திருப்பிப் போடுங்க. புள்ளிகளுக்கு நடுவுல 30ன்னா கண்ணு 15 சென்டிமீட்டர்ல இருக்கணும். உங்க கப்பல் மூக்குப் படத்த எடுத்து, ஒரு கண்ண மூடிட்டு, மூக்கு பேப்பர்ல இடிக்கிற அளவுக்குக் கிட்ட கொண்டு போங்க. கொஞ்சம் மங்கலா தெரியும், ஆனா பெட்டி சரியா நிக்கும்! கோடு எதுவும் தப்பில்ல. அந்த தூரத்துலருந்து யாரும் படம் பாக்க மாட்டாங்க, அதுதான் விஷயம்.

இப்ப சார்ட்ட மெதுவா சுத்தறேன். பெட்டியோட வலது முகம் நம்ம பக்கம் நல்லா திரும்பட்டும், அந்த முகத்துக்கும் நூலுக்கும் 30 டிகிரி. இந்தப் புள்ளி நூல்ல ஓடிப் போச்சு பாத்தீங்களா, 52 சென்டிமீட்டர். இடது புள்ளி கிட்ட வந்துருச்சு, 17. இன்னும் சுத்தறேன், 20 டிகிரி. சார்ட் பத்தல, ஸ்கேல நீட்டி வச்சுக்கறேன். வலது 82, இடது 11. ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய போயே ஆகணும். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, எப்பவும் 900 கிட்டதான் நிக்கும், 30 பெருக்கல் 30. புள்ளிய இஷ்டத்துக்கு ரெண்டு இடத்துல குத்திட முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான். முழுசா சுத்திட்டா வலது புள்ளி எங்கயோ போயிடும், அந்த முகத்தோட கோடெல்லாம் படுக்கையாயிடும். மிச்சம் ஒரே புள்ளி, அது உங்களுக்குத் தெரிஞ்ச ஒன் பாயிண்ட்தான்.

ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அரைவட்டத்துல அமையற கோணம் செங்கோணம்னு. ரெண்டு புள்ளியையும் விட்டமா வச்சு ஒரு வட்டம் போட்டீங்கன்னா கண்ணுப் பொட்டு அந்த வட்டத்து மேலதான் விழும். அதே வட்டம் இன்னொரு வேலையும் செய்யும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெட்டியோட முன் மூலை வட்டத்துக்கு உள்ள இருக்கற வரைக்கும் படம் இயல்பா தெரியும். வெளிய போச்சுன்னா மூலைக்கோணம் 90க்குக் கீழ எறங்கிடும், மூக்கு நீள ஆரம்பிக்கும். வட்டம் போடக்கூட வேணாம். ஒரு விசிட்டிங் கார்டோட மூலைய எடுத்து நீங்க வரைஞ்ச முன் மூலை மேல வைங்க. வரைஞ்ச கோணம் கார்ட விட விரிஞ்சிருக்கா, நல்லது. கார்டுக்கு அடியில ஒளிஞ்சுகிச்சா, புள்ளிய தள்ளுங்க, இல்ல பெட்டிய கண்மட்டத்துப் பக்கம் ஏத்துங்க. மேல் மூலைய மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. பெட்டி கண்மட்டத்துக்குக் கீழ இருந்தா அதோட கீழ் மூலைதான் முதல்ல மாட்டும்.

இது செங்கோண மூலைக்கு மட்டும்தான், ஞாபகம் வச்சுக்கோங்க. ஃப்ரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1877ல வரைஞ்ச பாரிஸ் மழைத் தெரு ஓவியத்துல, பின்னாடி ஒரு பெரிய கட்டடம் கூர் மூக்கோட நிக்கும். அந்த எடத்துல தெருக்கள் சரிவா வந்து சேருது, கட்டடமே நெஜமா கூராத்தான் இருக்கு. அதுல கார்ட வச்சுப் பாத்துட்டு கைபோத்துக்குப் பெர்ஸ்பெக்டிவ் தெரியலன்னு சொல்லிடாதீங்க! அந்தப் படத்துல வேற ஒண்ணு பாருங்க. கிட்ட குடை புடிச்சுட்டு வர்றவங்க, தூரத்துல நடந்து போறவங்க, பெரியவங்க தலையெல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துல இருக்கும். அதான் கண்மட்டம்.

சரி, புள்ளி 52 சென்டிமீட்டர் தள்ளிப் போச்சு, அவ்வளவு நீள ஸ்கேல் யார்ட்ட இருக்கு? அதுக்குத்தான் தரை. பேப்பர நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டிட்டு, புள்ளி விழற எடத்துல இன்னொரு நூலோட நுனிய டேப்பால அழுத்தி ஒட்டிடுங்க. டிராயிங் போர்டு நீளமா இருந்தா குண்டூசி குத்தலாம். நூல இழுத்து முறுக்கா புடிச்சு, பெட்டியோட மூலைய தொடற மாதிரி வைங்க, நூலுக்கடியில பென்சில்ல ரெண்டே ரெண்டு பொட்டு. அப்புறம் சின்ன ஸ்கேல் வச்சு சேத்துடுங்க. இது சுருக்கு வழின்னு யாராவது மூஞ்சச் சுளிச்சா, டச்சு ஓவியர் வெர்மீரச் சொல்லுங்க. அவரோட கேன்வாஸ் பலதுல வேனிஷிங் பாயிண்ட் இருக்கற எடத்துல ஊசி குத்தின ஓட்டை இருக்கு.

மூலையப் பாத்து நின்னு வரையறது எப்பருந்துன்னு கேட்டா, இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல கட்டடக் கலைஞர் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கிகிட்டதான் போய் நிக்கணும், 15ஆம் நூற்றாண்டோட ஆரம்பம். எல்லாரும் சொல்றது அவரோட முதல் பலகை, ஞானஸ்நானக் கோயில நேருக்கு நேரா வரைஞ்சு, பலகையில ஓட்டை போட்டு, பின்னாடிருந்து கண்ணாடியில பாக்க வச்சது. எனக்கு ரெண்டாவது பலகைதான் பிடிக்கும். நகர அரண்மனைய சதுக்கத்தோட சேத்து, ரெண்டு முகம் தெரியற மாதிரி, மூலையப் பாத்து வரைஞ்சாரு. வானத்த வரையவே இல்ல. கட்டடங்களோட மேல் விளிம்பு வரைக்கும் பலகைய வெட்டிட்டாரு, மேல நெஜ வானமே தெரியட்டும்னு! ரெண்டு பலகையும் இப்ப இல்ல, அவரோட வாழ்க்கைய எழுதின மனெட்டி சொல்லி வச்சதுதான் மிச்சம். அப்புறம் 1435ல இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி ஓவியத்தப் பத்தி எழுதினதுல ஒன் பாயிண்ட்தான் இருக்கு. 1505ல ஃப்ரான்ஸ்ல தூல்ங்கற ஊர்ல ழான் பெலெரான் ஒரு பெர்ஸ்பெக்டிவ் புத்தகமே அச்சுல கொண்டு வந்தாரு, மூலையப் பாத்த கட்டடமெல்லாம் அதுல இருக்கு.

சரி, பீரோவுக்கு வருவோம். இதோ பின்னாடி நிக்குதே, ஆறரை அடி. நான் நின்னு பாத்தா கண்மட்டம் அஞ்சடி பக்கம் வரும். அதாவது ஹொரைசன் லைன் பீரோ நடுவுலயே பாயுது, கதவுக் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல. அந்தக் கோட்டுக்கு மேல இருக்கற விளிம்பு புள்ளியப் பாத்து இறங்கும், கீழ இருக்கறது ஏறும். மேல் தகடு தெரியவே தெரியாது. ஆனா வரையச் சொன்னா பாதிப் பேரு மேல் தகட்டையும் சேத்து வரையறாங்க, பீரோவுக்கு மேல தகடு இருக்குன்னு மனசுக்குத் தெரியுமில்ல! இப்ப நான் தரையில சம்மணம் போட்டிருக்கேன், கண்ணு தரையிலருந்து ரெண்டரை அடி. மேஜையோட உயரமும் கிட்டத்தட்ட அதான், 75 சென்டிமீட்டர். கேமராவ என் கண்ணுக்கு நேரா வைக்கிறேன், பாருங்க. மேஜையோட மேல்பலகை வெறும் கோடு. கொஞ்சம் நிமிந்தா பலகையோட மேல் பக்கம் தெரியுது, குனிஞ்சா அடிப்பக்கம். பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி இந்த மாதிரி உக்காந்து எழுந்து பாத்துடுங்க.

பீரோ கதவப் பிரிக்க ஸ்கேல் வச்சு அகலத்துல பாதி எடுக்காதீங்க. அந்த முகத்துல மூலைக்கு மூலை ரெண்டு கோடு போடுங்க, ரெண்டும் வெட்டற எடத்துல நெட்டுக்கோடு. அதான் நடு. கிட்ட இருக்கற கதவு கொஞ்சம் அகலமா, அந்தாண்ட கதவு ஒடுங்கி வரும். உள்ள தட்டு போடணும்னா முன் மூலையோட நெட்டுக்கோட்ட ஸ்கேல் வச்சு சமமா பிரிக்கலாம், அங்கருந்து புள்ளிக்கு இழுத்துட்டா முடிஞ்சுது. படத்துல ஸ்கேல் வச்சு நேரடியா அளக்க நெட்டுக்கோடு மட்டும்தான் தோது.

அடுத்தது, மேஜை மேல ஒரு அகராதி, பக்கத்துல ஒரு தீப்பெட்டி, ரெண்டும் வேற வேற பக்கம் திரும்பிக் கெடக்கு. ரெண்டுக்கும் அதே ரெண்டு புள்ளிதானான்னு கேப்பீங்க. இல்ல. அகராதிக்கு ஒரு ஜோடி, தீப்பெட்டிக்கு ஒரு ஜோடி. மேஜைக்கே தனி ஜோடி இருக்கும், எல்லா ஜோடியும் ஒரே நூல் மேலதான். சார்ட்ட அதே பொட்டுல வச்சு பொருளுக்குப் பொருள் திருப்பிக்கோங்க. டூ பாயிண்ட்டுன்னா படத்துக்கே ரெண்டு புள்ளிதான்னு நெனச்சு எல்லாப் பொருளையும் ஒரே திசையில அடுக்கிட்டா படம் கடை ஷெல்ஃபு ஆயிடும், யாரும் புழங்குற மேஜையா இருக்காது.

போன்ல போட்டோ எடுத்து அதப் பாத்து வரையறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜூம் 0.5ல எடுக்காதீங்க, புள்ளியெல்லாம் உள்ள வந்துரும், மறுபடி கப்பல் மூக்கு. ரெண்டடி தள்ளிப் போய் 2ல எடுங்க. போன மேலயோ கீழயோ சாய்க்காதீங்க, சாச்சா நெட்டுக்கோடும் ஒரு பக்கம் சேர ஆரம்பிச்சுடும், அது மூணாவது புள்ளி.

கடைசியா ஜாமெட்ரி பாக்ஸ். மூடின பாக்ஸ் வெறும் பெட்டி, அத நீங்க போட்டுடுவீங்க. மூடியத் திறந்து வரைஞ்சு பாருங்க. கீல் பின்னாடி இருக்கட்டும், கீலும் மூடியோட நீள விளிம்பும் வலது புள்ளிக்குப் போகட்டும். மூடியோட பக்கவாட்டு விளிம்பு சரிவா நிக்குது, அது எங்க போகும்? இடது புள்ளிக்கு நேர் மேலயோ நேர் கீழயோ ஒரு நெட்டுக்கோடு போட்டுக்கோங்க, அந்தக் கோட்டு மேலதான் எங்கயோ. மூடிய லேசா தூக்கினா புள்ளி கண்மட்டத்துக்குக் கீழ இறங்கும், தூக்கத் தூக்க இறங்கிட்டே போகும். மூடி பின்னாடி மல்லாந்து சாஞ்சிடுச்சுன்னா புள்ளி மேல இருக்கும். சரியா 90 டிகிரியில நேரா நிக்கும்போது அது மேலயா கீழயான்னு நான் சொல்லல. ஒரே பேப்பர்ல மூடிய அஞ்சாறு நெலையில போட்டுப் பாருங்க, அதுவே சொல்லிடும். போட்டுட்டு போட்டோ அனுப்புங்க, விசிட்டிங் கார்டோட காத்துட்டிருப்பேன். சரி, இந்த நூலெல்லாம் சுருட்டணும், யாராவது தடுக்கி விழறதுக்குள்ள. வரட்டுமா!