எண்ணெய்க் கணக்கில் ஒரு ஜெபச்சொல்

நேயர்களுக்கு வணக்கம். பரமண்டல ஜெபத்தில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று ஒரு வரி. கத்தோலிக்க நேயர்கள் 'அனுதின உணவு' என்பீர்கள். 'வேண்டிய', 'அனுதின' இரண்டுக்கும் மூலத்தில் இருப்பது ஒரே கிரேக்கச் சொல்தான்: எபியூசியோஸ். மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த வரியில் வருவதோடு சரி, புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் கிடையாது. கிரேக்க மொழியிலேயே பேசி எழுதிய ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகன், 3ஆம் நூற்றாண்டில், இது புலவர் எழுத்திலும் இல்லை, ஜனங்கள் பேச்சிலும் இல்லை, சுவிசேஷகர்களே ஆக்கிய சொல் போலிருக்கிறது என்று எழுதிவிட்டார்.

1889இல் ஒரு திருப்பம். எகிப்தின் ஹவாராவில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் ஓலைகளில் ஒரு செலவுக் கணக்கு. அதில் இந்தச் சொல்லின் முற்பாதி தெரிகிறது என்று சேஸ் என்ற அறிஞர் வெளியிட்டார். மளிகைக் கணக்கிலேயே இருக்கிறதென்றால் சாதாரணச் சொல்தானே! அகராதிகளும் ஏற்றிக்கொண்டன. சரிபார்க்கலாம் என்றால் ஓலையைக் காணோம். 1998இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. பார்த்தால், அங்கே எழுதியிருந்தது 'எலாயூ', அதாவது எண்ணெய்! முதலெழுத்து ஒன்றே, 'இயோட்டா, ஓமிக்ரான், உப்சிலான்' என்ற மூன்றும் இரண்டிலும் அடுத்தடுத்து வருகின்றன. அவசரக் கையெழுத்தில் யாருக்கும் தடுமாறும்.

அப்புறம் அர்த்தம்? வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவுக்குப் 'பொருளுக்கு மேலான' என்றும், லூக்காவுக்கு 'அன்றாட' என்றும் போட்டார். ஒரே சொல்லுக்கு ஒரே ஆள்! ஆனால் இன்று முழுதாகக் கிடைக்காத எபிரெயர் சுவிசேஷம் என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மாகார்', நாளைய, என்று கண்டதாகவும் அவரே குறித்திருக்கிறார். எனக்கு அதில்தான் மனம் போகிறது. அப்போஸ்தலர் 16:11இல் 'மறுநாள்' என்பதற்கு வருவது 'எபியூசா'; எபியூசியோஸ் அதிலிருந்து வந்திருக்கலாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆறாம் நாள் மட்டும் வானத்து அப்பமான மன்னா இரட்டிப்பாகக் கிடைத்தது, மறுநாள் ஓய்வுநாள் என்பதால். 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று மத்தேயுவில் இந்த ஜெபம் வரும் அதே அதிகாரம் முடிகிறதே என்பீர்கள். நாளைய அப்பம் இன்றே கைக்கு வந்துவிட்டால் கவலைப்பட என்ன இருக்கிறது? 'வேண்டிய' என்று போட்டவர்கள் 'ஊசியா', இருப்பு, என்ற வேரைப் பிடித்திருக்கிறார்கள். அதையும் இலக்கணப்படி தள்ளிவிட முடியாது.